மூன்று புள்ளி வைத்த என்ஜின்

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு சூடாறும் சத்தம் கேட்டது.

டிக். கொஞ்சம் இடைவெளி. டிக், டிக். நெடுந்தூரம் ஓடிவந்து நின்ற என்ஜின், அரைமணி நேரத்துக்குத் தனக்குள் முனகிக்கொண்டு குளிர்வது இப்படித்தான் என்று கட்டிலில் கிடந்த அவருக்குத் தெரியும். நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். சத்தத்தில் தப்பு ஒன்றுமில்லை. தப்பு என்னவென்றால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஷெட்டில் ஓடிவந்த வண்டி எதுவும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக என்ஜின் இல்லாமல் வெறும் கூடாக நிற்கும் பழைய கார் ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு மேஜை. மேஜைமேல், மகன் நேற்று எங்கிருந்தோ வாங்கிவந்து துணி விரித்துப் படுக்கவைத்த ஒரு சிலிண்டர் பிளாக். உள்ளே பிஸ்டன்கூட இல்லாத இரும்புக் கட்டி. அது சூடாகவும் வழியில்லை, ஆறவும் வழியில்லை.

ஏதோ ஒரு பிளாக்காக இருக்கும், பையன் பொழுதுபோகாமல் வாங்கியிருப்பான் என்றுதான் நேற்று முழுக்க அவர் மனசைத் தேற்றிவைத்திருந்தார். இப்போது அந்த டிக் டிக்கைக் கேட்கக் கேட்க அந்தத் தேறுதல் நிற்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்து எழாமல் போனதிலிருந்து, அவர் உடம்பில் அவர் பேச்சைக் கேட்பவை இரண்டே இரண்டு: இடது கை ஆள்காட்டி விரல், பிறகு வாய்க்குள் வந்ததை விழுங்குகிற தொண்டை. கண்ணீரும் வரும். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லிவைத்திருந்ததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். ஆமாம் என்றால் விரலைத் தூக்க வேண்டும், இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதற்கு வீட்டில் ஆயிரம் அர்த்தம். தூங்குகிறார், களைத்திருக்கிறார், காதில் விழவில்லை, கோபமாக இருக்கிறார். ஒரு பட்டறையையே அதட்டி நடத்திய மனிதருக்குக் கடைசியில் மிஞ்சியது ‘ஆமாம்’ என்ற ஒற்றைச் சொல். அந்தப் பெண்மணி தன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை எழுத்துப் பலகையோடு வருவார். எழுத்து எழுத்தாகக் காட்டி, விரல் தூக்கினால் வார்த்தை சேர்க்கலாம். அதுவரை சுவரைப் பார்க்கலாம்.

மகன் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதைத் தொட்டாலும் உறையில் போட்டு, சீட்டு ஒட்டி, தேதி எழுதினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நல்ல பிள்ளை. அப்பாவின் வாயோரம் துடைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். பச்சை அட்டை, மூலையில் கிரீஸ் கறை. அவர் கையெழுத்து.

“மேல் பரண்ல, பழைய ஸ்பேனர் பெட்டிக்கு அடியில இருந்துச்சுப்பா. இதை ஏன் எங்கிட்ட காட்டவே இல்ல?”

அவருக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. தொண்டை ஒரு மிடறு எச்சிலை விழுங்கியது, அவ்வளவுதான்.

மகன் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினான். ஒன்பது பாகம், ஒன்பது இடம். எந்தப் பாகம், அதன் நம்பர் என்ன, யாரிடம் இருக்கிறது, முகவரி மாறினால் புது முகவரி எது என்று எல்லாம் கண்ணும் கருத்துமாக எழுதியிருந்தது. ஒவ்வொன்றிலும் தான் பஞ்ச் வைத்துக் குத்திய மூன்று புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று படம்கூடப் போட்டிருந்தார். “என் படிப்புக்காகப் பிரிச்சு வித்துட்டு, எங்க இருக்குன்னு இத்தனை வருஷமா கணக்கு வச்சிருக்கீங்க. அவ்ளோ ஆசையாப்பா அந்த வண்டி மேல?” என்று கேட்டான். ஒன்பதையும் தேடிப் பிடித்து, அந்த வண்டியை அப்பா காதில் உறுமவைத்துவிட்டுத்தான் மறுவேலை என்றான். பிளாக் வந்துவிட்டதாம், மூன்று புள்ளியோடு. இன்னும் எட்டு.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மகன் அதைத் துடைத்துவிட்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

படிப்புக்காக விற்றேன் என்று ஊருக்குச் சொன்னது பொய். அந்தப் பொய்தான் இப்போது பிள்ளை உருவில் வந்து உட்கார்ந்திருந்தது.

அந்தக் காரை இரண்டு பேர் சேர்ந்துதான் உயிர்ப்பித்தார்கள். அவர் என்ஜின் வேலை. அவருடைய கூட்டாளி, தகரம் தட்டி நெளிவெடுக்கிற டிங்கர். அவனை எல்லோரும் டிங்கர் என்றே கூப்பிட்டார்கள். பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமுவான். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. மூன்று வருஷம் தேடி, ஒரு டூப்ளிகேட் ஆணிகூட இல்லாமல், அந்த வண்டிக்கென்றே வார்த்த பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். முதல்முறை ஸ்டார்ட் செய்த அன்று காலையில் தூறல். டிங்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தான். என்ஜின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. இவர் எண்ணெய்க் கேனை எடுக்கத் திரும்பினார். பத்தடி இருக்கும். திரும்பிப் பார்த்தபோது சீட்டில் ஆள் இல்லை.

நாலு கதவும் உள்ளே தாழ். கண்ணாடிகள் ஏற்றியபடி. சீட்டின் தோல் மட்டும், கனமான ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அமுங்குவது போல, அமுங்கியே இருந்தது. என்ஜின் பட்டுப்போல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டத்தின் நடுவே அது செருமியது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று.

இவர் ஒயரைப் பிடுங்கி நிறுத்தினார். தோல் மெல்ல எழும்பி மட்டமானது. டிங்கர் வரவில்லை. எங்கேயோ போய்விட்டான் என்று அவன் மனைவியிடம் சொன்னார். நாடோடி மனசுக்காரன்தான், அவளும் நம்பினாள், அல்லது நம்பியதுபோல் இருந்துவிட்டாள். பிறகு என்ஜினைக் கழற்றி, மூட்டை கட்டி, இரும்பு உருக்கும் கூடத்துக்குக் கொண்டுபோனார். உலையின் கதவைத் திறந்தார்கள். அனல் முகத்தில் அடித்தது. மூட்டைக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது. உள்ளே அவன் இருந்தால்? திரும்பக் கொண்டுவந்துவிட்டார். உருக்கவும் முடியாது, சேர்த்துவைக்கவும் முடியாது. அதனால்தான் ஒன்பது இடம். எந்த இரண்டு பாகமும் ஒருநாளும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிடக் கூடாது என்று காவல் காக்கத்தான் அந்த நோட்டு. இருபத்தெட்டு வருஷம் கடிதம் போட்டும் போன் பேசியும் காத்தார். இப்போது அதே நோட்டை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மகன் ஊர் ஊராக வண்டி ஏறிக்கொண்டிருந்தான்.

கிராங்க் வந்தது. ஹெட் வந்தது. வேலை முடிந்து திருப்தியானால் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக்’ என்று ஒரு சத்தம் போடுவது மகனின் சின்ன வயசுப் பழக்கம். ஒவ்வொரு பாகத்தையும் பூட்டிவிட்டு ஷெட்டிலிருந்து அந்த ‘டொக்’ கேட்கும்போதெல்லாம் கட்டிலில் கிடந்த இவர் நெஞ்சில் ஒரு கல் ஏறும்.

ஆயுள் முழுக்க டூப்ளிகேட் பாகத்தைக் கண்டாலே தூக்கித் தெருவில் எறிந்தவர், இப்போது மனசுக்குள் டூப்ளிகேட்டை வேண்டிக்கொண்டார். எவனாவது ஒரு எத்தன் போலியைத் தலையில் கட்டட்டும், பையன் ஏமாறட்டும் என்று அந்த முகம் தெரியாத எத்தனுக்காகப் பிரார்த்தனை செய்தார். பிரார்த்தனை பலித்தும் விட்டது. டைனமோ என்று ஒருவன் போலியை நீட்டினானாம். மகன் கவரைப் பிரித்து, விளக்கடியில் திருப்பிப் பார்த்து, “மூணு புள்ளி இல்லப்பா. எங்கிட்டயா?” என்று சிரித்தபடி திருப்பி அனுப்பிவிட்டான். அவரே குத்திய புள்ளி. அவரே போட்ட படம். ஒரு வாரத்தில் அசல் டைனமோ வந்துவிட்டது.

நாலாவது பாகத்தோடு வாசனை வந்தது. சூடான எண்ணெய், காய்ந்த ரப்பர், அதற்கடியில் நெடுநாள் பூட்டியிருந்த பெட்டியைத் திறந்ததும் வருகிற தோல் நெடி. ஆறாவதோடு அதிர்வு வந்தது. பிற்பகல்களில், மகன் வேலைக்குப் போய், பேத்தி பள்ளிக்கூடம் போய், மருமகள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் நேரத்தில், ஷெட்டைப் பார்த்த சின்ன ஜன்னலின் கண்ணாடி மெலிதாக நடுங்கும். தலைமாட்டு மேஜையில் தம்ளரில் இருக்கும் பாலின் மேல் வட்டம் வட்டமாக அலை எழும். வேகம் குறைத்து நின்ற இடத்திலேயே ஓடவிட்ட என்ஜினின் தாளம் அது. அவரால் அந்தச் சுற்றுகளை எண்ணிச் சொல்ல முடியும். நிமிஷத்துக்கு அறுநூறு. ஷெட்டில் பாதி பூட்டிய பாகங்கள், ஒயர் இல்லாமல், பெட்ரோல் இல்லாமல், மேஜைமேல் துணியில் படுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

எட்டுப் பாகம் சேர்ந்துவிட்டது. அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கி. ஒன்பதாவது, கார்பரேட்டர். அதை யாரிடமும் கொடுக்கவில்லை. கழற்றியபோது அதற்குள்ளிருந்துதான் செருமல் வந்தது. அதனால் பாலத்தின் மேலே நின்று ஆற்றில் போட்டுவிட்டு, நோட்டில் உள்ளபடியே எழுதினார்: ஆறு, மூன்றாவது தூண். ஆற்றைக் கலக்கிக்கொண்டு போய் யார் தேடப்போகிறார்கள்? எழுத்துப் பலகை வர இன்னும் ஒரு வாரம். வரட்டும். கழற்று என்று நாலு எழுத்து. அதற்கப்புறம் செத்தாலும் சரி.

செவ்வாய்க்கிழமை காலை மகன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். முகமெல்லாம் பல்.

“மண் அள்ளுறவங்க எடுத்தாங்களாம்ப்பா. பழைய இரும்புக் கடையில வந்து கிடந்திருக்கு. நான் வேற ஒண்ணு கேட்டுப் போனேன், கடைக்காரர் தானா எடுத்துக் குடுக்கிறாரு.”

உறையைப் பிரித்தான். துருவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஆற்றடியில் கிடந்த பித்தளை, நேற்று துடைத்துவைத்ததுபோல் மின்னியது. மூன்று புள்ளி.

மகன் அங்கேயே, அப்பாவின் மடியில் துணி விரித்து, கார்பரேட்டரைப் பிரித்தான். அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். கடைசியில் மெயின் ஜெட். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் திருகு, நடுவே முடி நுழையும் துளை. அந்தத் துளை வழியாகத்தான் என்ஜினுக்குள் பெட்ரோல் போகும். அது இல்லாமல் ஒன்றும் ஓடாது. அந்தக் காலத்தில் இவர் ஜெட்டை வாயில் வைத்து ஊதித்தான் சுத்தம் செய்வார். மகனுக்கு அது ஞாபகம் இருந்தது. ஊதிப் பழகினால் தொண்டைக்கு நல்லது என்று பேச்சுப் பயிற்சிப் பெண்மணியும் சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்து அவனுக்கு ஒரு ஆசை.

“ஊதுங்கப்பா. அந்தக் காலத்துல மாதிரி.”

ஜெட்டை உதட்டருகே பிடித்தான். பித்தளை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. அவர் ஊதவில்லை. இருந்த பலம் எல்லாவற்றையும் திரட்டி உறிஞ்சினார். அது நாக்கில் விழுந்தது. விழுங்கினார். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் தன் இஷ்டப்படி ஒரு காரியம் செய்தார்.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. ஆம்புலன்ஸ், மருத்துவமனை, எக்ஸ்ரே. படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் இப்படியும் அப்படியும் திருப்பினார். தொண்டையில் இல்லை, இரைப்பையில் இல்லை, குடலில் இல்லை. இன்னொரு படம் எடுத்தார்கள். அதிலும் இல்லை. விழுங்கியிருக்க மாட்டார், துணியில் விழுந்திருக்கும், வீட்டில் தேடுங்கள் என்றார். மறுநாள் காலை ஷெட்டிலிருந்து மகன் சிரித்துக்கொண்டே வந்தான். கார்பரேட்டருக்குள்ளேயே இருந்ததாம், அதன் இடத்தில், இறுக்கமாகத் திருகப்பட்டு. “நான்தான் மாட்டிட்டு மறந்திருக்கேன்ப்பா. உங்களைப் போய் அலையவிட்டுட்டேன்.”

அவர் நாக்கில் பித்தளை ருசி அப்படியே இருந்தது. தொண்டையில் கீறல் எரிந்தது.

அன்று மாலையே கார்பரேட்டர் என்ஜினில் ஏறியது, என்ஜின் காருக்குள் இறங்கிவிட்டது. டொக்.

வியாழக்கிழமை மதியம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு மருமகள் அவசரமாக அறைக்குள் வந்தாள். இரண்டு நாளாக அவளுக்கு ஜலதோஷம். கையில் தண்ணீர்.

“மாமா, நீங்களா செருமினீங்க?”

அவரும் கேட்டிருந்தார். சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம்.

மாமாவுக்குத் தொண்டை திறந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ஸ்பூனில் தண்ணீர் எடுத்து வாயருகே கொண்டுவந்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவள் கெட்டிக்காரி. இந்த வீட்டில் அவர் கண்ணீருக்கும் கண்ணீருக்கும் வித்தியாசம் இருக்கலாம் என்று நினைக்கக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். ஸ்பூனை வைத்துவிட்டு, குனிந்து, அவர் கண்ணுக்கு நேரே கண்ணை வைத்தாள்.

“மாமா, ஏதாவது பயமா இருக்கா?”

விரல் உயர்ந்தது. அவர் தூக்கினார் என்பதைவிட, அது துள்ளி எழுந்தது.

“அந்தக் காராலயா?”

மறுபடி விரல். கட்டில் சட்டத்தில் பட்டுச் சத்தம் கேட்கும் அளவுக்கு, தூக்கிப் போட்டு, தூக்கிப் போட்டு. மருமகள் அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் பிடித்துக்கொண்டாள். அவர்கிட்ட சொல்றேன் மாமா, இன்னிக்கே சொல்றேன் என்றாள். எட்டு மாதத்தில் யாரோ ஒருவருக்குத் தன்னைப் புரிந்தது என்ற நிம்மதியில் அவருக்கு உடம்பே இளகியது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினார்.

மகன் வந்ததும் கூடத்தில் இருவரும் பேசுவது கேட்டது. அவள் சொன்னாள், உள்ளது உள்ளபடி சொன்னாள். மாமா பயப்படறாங்க, கார் விஷயமா. பிறகு மகன் உள்ளே வந்து, தலைமாட்டில் நின்று அவர் நெற்றியில் கை வைத்தான்.

“எனக்குப் புரியுதுப்பா. அது ஓடுறதைக் கேக்காமயே போயிடுவோமோன்னு பயம். அதானே?”

விரலை அவர் அசைக்கவில்லை. செத்த விரல்போல் வைத்திருந்தார். மகன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு போர்வையை இழுத்துவிட்டான்.

“அசந்துட்டாரு. நாளைக்கு லீவு போட்டுடறேன். ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.”

திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோனார்கள். வானம் மூட்டமாக இருந்ததால் தகரக் கூரைக்குக் கீழே குழல் விளக்கைப் போட்டிருந்தான் மகன். காரைக் கழுவித் துடைத்து, பக்கக் கதவருகே, உள்ளே சீட்டெல்லாம் தெரியும்படி, நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டான். ஐந்தடி தூரம். இந்த இடம் போதுமா அப்பா, நல்லாத் தெரியுதா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கழுத்துக்கடியில் ஒரு தலையணையைச் சொருகினான். மருமகள் அவர் தோளில் சால்வை போர்த்தும்போது ஒருமுறை குனிந்து முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஏதோ கேட்கப்போனவள், அடுக்களையில் குக்கர் கூப்பிட்டதும் உள்ளே போனாள்.

மகன் கதவைத் திறந்து உட்கார்ந்தான். தோல் அமுங்கியது. கதவைச் சாத்தினான். முதல் புகை மூக்கில் ஏறும் என்று கண்ணாடியை ஏற்றினான்.

வேண்டாம்.

கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். நாற்பது வயசு முகத்தில் ஏழு வயசுச் சிரிப்பு. சாவியைத் திருப்பினான்.

ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. உதறல் இல்லை, புகை இல்லை. நிமிஷத்துக்கு அறுநூறு. இப்படிப்பட்ட ஓட்டத்தை ஒரு மெக்கானிக் ஆயுளில் ஒருதரம் கேட்டால் பெரிது. அவர் இரண்டாம் தரம் கேட்டார். சின்னதாக இரண்டு செருமல். நீளமாக ஒன்று. யாரோ நெடுநாள் கழித்துப் பேச ஆரம்பிக்கப் போகிறார்கள்.

கண்ணை எடுக்கக் கூடாது. அன்றைக்குத் திரும்பினோம், அதனால்தான். இன்றைக்குக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால். அவன் முகத்தையே. அந்தச் சிரிப்பையே. கண் எரிந்தது. தண்ணீர் திரண்டது. பார்வை கலங்கியது. இமை மூடித் திறந்தது. ஒருமுறைதான்.

சீட்டில் ஆள் இல்லை.

தோல் அமுங்கியிருந்தது.

என்ஜின் ஓடியது. செருமியது. அப்புறம், அதற்குள்ளிருந்து, மிகத் திருப்தியாக: டொக்.

அவர் அலறினார். வெளியே ஒரு மூச்சுகூட வரவில்லை.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ஜின் ஓடுவதைக் கேட்டு முகம் மலர்ந்தது. சுற்றிப் பார்த்தாள். இவர் எங்க மாமா போனாரு, வண்டியை ஓட விட்டுட்டு என்றாள். பின்பக்கம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, கார் அருகே நின்று, நாற்காலியைப் பார்த்தாள்.

“நிறுத்திடட்டுமா மாமா?”

விரலைத் தூக்கினால் ஆமாம். தூக்காவிட்டால், சும்மா. கதவைத் தொடாதே என்பதற்கு விரல் இல்லை. ஓடிப்போ என்பதற்கு விரல் இல்லை. அவர் சும்மா இருந்தார். சும்மா இருந்ததும் அவளுக்குத் தூக்கமாகப் பட்டதோ, களைப்பாகப் பட்டதோ. பாவம், சத்தம் தாங்கல போல என்று முணுமுணுத்துக்கொண்டு நாற்காலிப் பக்கத்து முன்கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். கதவு சுலபமாகத் திறந்தது. சாவி எட்டவில்லை. ஒரு காலை உள்ளே வைத்து, சாய்ந்து, உட்கார்ந்தாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மெதுவாக. காற்றுக்குச் சாத்துவதுபோல.

இந்தத் தடவை அவர் இமைக்கவே இல்லை. இமைக்காமல் பார்த்தார். பார்த்தும் தெரியவில்லை. இருந்தாள். பிறகு இல்லை. நடுவில் ஒன்றுமே இல்லை. ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் தோல் மெல்லக் கீழே இறங்கியது.

செருமல். டொக். புதிதாக ஒன்று. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

எத்தனை நேரம் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. டாங்க் நிறைய பெட்ரோல். மகன் எதையும் குறைவாகச் செய்ய மாட்டான். சால்வை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. ஷெட்டின் சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் நெஞ்சே நின்றுவிடும்போல ஆயிற்று. நின்றிருந்தால் புண்ணியம். நிற்கவில்லை.

நாலு மணிக்குப் பள்ளி வேன் வரும்.

பேத்திக்கு ஏழு வயசு. வேனிலிருந்து குதித்ததும் பையைக்கூடக் கழற்றாமல் நேராக ஷெட்டுக்குத்தான் ஓடிவருவாள். எப்ப தாத்தா கார் ஓடும் என்று ஐந்து வாரமாக அவர் காதில் நச்சரித்தவள். ஓடும்போது முதல் ரவுண்டு எனக்குத்தான் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

என்ஜினின் சத்தம் தணிந்தது. நிற்கவில்லை, தணிந்தது. பேச வருகிறவர்களுக்கு இடம் விட்டு ரேடியோவைக் குறைப்பதுபோல, தன்னைத் தானே குறைத்துக்கொண்டது. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. வேனின் கதவு இழுபட்டது. வாசல் கேட் கிறீச்சிட்டது. சின்ன ஷூக்கள் சிமெண்டில் தடதடவென்று.

“ஓடுது! அப்பா, ஓடுது!”

காரின் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு மட்டும். உள்ளே, பின் சீட்டில், நடுவில், யாரும் உட்காராத தோலில், சின்னதாக ஓர் இடம் அமுங்கிக் காத்திருந்தது.